கொரீன் சம்மதம் சொல்லாத பன்னிரண்டு நாட்கள்

அமெரிக்காவின் ஈரி நகரில் எங்கள் தெருவிலிருந்து, நாடே அறிந்த அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அதுவரை யாரும் போனதில்லை. பக்கத்து வீட்டு கொரீன் ஷிமான்ஸ்கிக்கு முழு உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. சம்மதம் சொல்ல மே முதல் தேதி வரை நேரம் இருந்தது. அவள் அப்பா வால்ட் அதுவரை பொறுத்திருக்கவில்லை. மறுநாளே காரின் பின்கண்ணாடியில் பல்கலைக்கழகத்தின் பெயரை ஒட்டிவிட்டார். எங்கள் ஊரில் அது நிச்சயதார்த்தம் மாதிரி. பிறகு பின்வாங்கினால் ஊர் வாய் சும்மா இருக்காது.

ஏப்ரல் நடுவில், போரை எதிர்த்துக் கூடாரம் போட்டு உட்கார்ந்த பதினோரு மாணவர்களைப் பல்கலைக்கழகம் ஒரு வார்த்தைகூட விசாரிக்காமல் படிப்பிலிருந்தே நீக்கியது. போராட்டத்தை அடக்காவிட்டால் பணத்தை நிறுத்துவோம் என்று அரசாங்கம் மிரட்டியிருந்ததாம். அன்றிலிருந்து கொரீன் கைப்பேசியில் சம்மதப் பக்கத்தைத் திறப்பாள், பார்ப்பாள், மூடுவாள்.

அன்றுதான் தவக்காலத்தின் கடைசி வெள்ளி. இறைச்சி கூடாது என்பதால் மாதா கோயில் கூடத்தில் ஊருக்கே மீன் வறுவல். கொரீன் வழக்கம்போலத் தட்டுகளில் மீன் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் கோஸ் வைத்தேன்.

வரிசையில் முதலில் வந்தவர் தபால்காரர் டோப்ஸன். "என்னம்மா, கூடாரம் அடிக்கப் பழகிட்டியா? அங்க படிப்பு அதுதானாமே."

"மீனுக்கு சாஸ் வேணுமா, வேணாமா?"

அடுத்து எங்கள் உயிரியல் டீச்சர் பெட்ராக். "அரசாங்கம் முறைச்சதும் கால்ல விழுந்த இடம் அது. அங்கயா போற? வெக்கமா இல்ல?"

"உங்களுக்கும் அதே கேள்விதான் டீச்சர். சாஸ்?"

கூட்டம் குறைந்ததும் என் பக்கம் திரும்பினாள். "போனா அடிமை. போகலன்னா கோழை. எனக்கு எதுடா பொருத்தம்?"

நான் அடுத்த தட்டில் கோஸ் வைத்தேன்.

"உன்கிட்டப் போய்க் கேட்டேன் பாரு."

ஏப்ரல் முப்பதாம் தேதி, புதிதாக இடம் கிடைத்தவர்களைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்திருந்தார்கள். பாதி தூரம் வண்டி ஓட்ட வால்ட்டும் கொரீனும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். இரும்புக் கதவருகே இரண்டு முறை அடையாள அட்டை கேட்டார்கள். உள்ளே பெரிய கூடத்தில் டீன் பேசி முடித்துவிட்டு, கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். ஒரு தாய் சலவை இயந்திரம் பற்றிக் கேட்டாள். இன்னொருத்தி, தன் மகனுக்கு வேர்க்கடலை ஆகாது என்றாள். வால்ட் எழுந்தார்.

"அப்பா, உக்காருப்பா," என்று கொரீன் சட்டையை இழுத்தாள்.

"இருபத்திரெண்டு வருஷமா ஸ்கூல் பஸ் ஓட்டறேன் சார். ஒருத்தன் பின்சீட்டுல நெருப்பே வெச்சாலும் நடுரோட்டுல அவனை இறக்கிவிட முடியாது. புகார் எழுதிக் குடுக்கலாம், பெத்தவங்களக் கூப்பிடலாம். ஆனா அவன் ஸ்டாப் வர்ற வரைக்கும் அவன் என் பொறுப்பு. இல்லன்னா என் வேலை போயிடும். நீங்க பதினோரு பேர இறக்கி விட்டீங்களே, அவங்ககிட்ட என்ன ஏதுன்னு கேட்டீங்களா?"

டீன் புன்னகைத்தார். "அது உள்விவகாரம். அடுத்த கேள்வி?"

பின்வரிசையில் யாரோ, "பஸ்காரருக்கு எதுக்கு இந்த வேலை," என்று சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். வால்ட் உட்கார்ந்தார். அவர் பிடரி சிவந்திருந்தது. அதைக் கொரீன் பார்த்தாள். எழுந்தாள்.

"என் பேரு கொரீன் ஷிமான்ஸ்கி. அடுத்த கேள்வியும் அதேதான்."

டீன் கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாடு தயாராக இருக்கிறது என்றார்.

நாங்கள் சாப்பிடவில்லை. வண்டிக்கு வந்ததும் வால்ட் கேட்டார், "கெடுத்துட்டேனா பாப்பா? உதவித்தொகைய நிறுத்திடுவானுங்களா?"

"நிறுத்தட்டும். அதுக்கும் காரணம் கேப்போம்."

"நம்ம ஊர் காலேஜே போதும்மா. வீட்டுல இருந்தே போயிட்டு வரலாம்."

"நான் வரலன்னா அந்த டீன் நிம்மதியா லஞ்ச் சாப்பிடுவாருப்பா."

பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்தாள். 'சம்மதம்' என்ற கட்டத்தை அழுத்தினாள். எங்களை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒரு கேள்வி வந்தது. விருப்பமிருந்தால் நிரப்பலாம். ஒற்றை விரலால் மெதுவாக எழுதினாள்: 'என் அப்பா ஒரு கேள்வி கேட்டார். பதில் வரும்வரை இங்கேதான் இருப்பேன்.'

"அனுப்பிட்டியா?" என்றார் வால்ட், கண்ணாடியில் அவளைப் பார்த்தபடி.

"அனுப்பிட்டேன். வண்டிய எடுப்பா, பசிக்குது."