ரெண்டு பேருக்கு ஒரு காடு

எனக்குப் புலி மீது தனிப்பட்ட ஆசை எதுவும் கிடையாது. யானை, சிறுத்தை, காட்டெருமை எதன் மீதும் கிடையாது. காட்டுச் சுற்றுலா போகலாம் என்று நான் முடிவு செய்ததற்கு ஒரே காரணம்தான். எங்கள் சொந்தக்காரர்கள் கூடவே கிளம்பி வராத இடம் இந்த உலகத்தில் காடு ஒன்றுதான் என்று நான் நம்பினேன்.

ஆந்திரா எல்லையில், நகரியில் இருக்கிற எங்கள் குடும்பத்தில் யாரும் எங்கேயும் ரெண்டு பேராகப் போனது கிடையாது. போகிறோம் என்று ஒருவர் வாய் திறந்தால் போதும், அடுத்த நிமிஷம் இன்னொருவர் வேன் பேசிவிடுவார். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆகப்போகிறது. திருத்தணி, காளஹஸ்தி, காணிப்பாக்கம், மகாபலிபுரம், ஊட்டி எல்லாம் பார்த்துவிட்டேன். என் வீட்டுக்காரரோடு தனியாக ஒரு இடத்தையும் பார்க்கவில்லை. வேனில் ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். ஊட்டியில் எடுத்த போட்டோவில் எனக்கும் அவருக்கும் நடுவில் ஏழு பேர் நிற்கிறார்கள். இந்த வருஷமாவது நாலு நாள், அவரும் நானும் மட்டும் ஒரு இடத்துக்குப் போய்வர வேண்டும். எனக்கு வேறு எந்த வேண்டுதலும் இல்லை.

கோயிலுக்குப் போகலாம் என்றால் ஊரே வரும். கடலுக்கு என்றால் குழந்தை குட்டிகளோடு வருவார்கள். புலி இருக்கிற காட்டுக்கு யார் வரப்போகிறார்கள்?

என் வீட்டுக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டை ஒட்டிய கொட்டகையில் எங்களுக்கு ஆறு பவர்லூம் ஓடுகிறது. முப்பது வருஷமாக அந்தச் சத்தத்தில் நின்று பேசிப் பேசி, அவருக்குக் குரல் ஒரே அளவில்தான் வரும். என்னிடம் ரகசியம் சொன்னால் பக்கத்து வீட்டம்மா பதில் சொல்லுவாள். ஒரு தடவை சூளூர்பேட்டையைத் தாண்டி ஏரியில் பூநாரை பார்க்கப் போனோம். அதற்கும் வேன்தான், பதினாலு பேர். இறங்கியதும் இவர் கையை நீட்டி, "அதோ பாருமே!" என்றார். அத்தனை பறவையும் மொத்தமாக எழும்பி அக்கரைக்குப் போய்விட்டது. கேமராவைத் தூக்கிக்கொண்டு நின்ற வெளியூர்க்காரர்கள் எங்களை முறைத்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

எனக்குப் புதுக் கண்ணாடி வாங்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு, இருவரும் திருப்பதிக்கு பஸ் ஏறினோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மாடியில் டூர் ஆபீஸ். சுவர் முழுக்கக் காசி, ராமேஸ்வரம், ஷீரடி. மூலையில் மட்டும் ஒரு புலி படுத்திருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த சின்ன வயசுப் பெண், எத்தனை பேர் என்று தெலுங்கில் கேட்டாள்.

"ரெண்டு பேர்" என்றேன்.

"இத்தரேனா?" என்று எங்கள் பின்னால் படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். ரெண்டே பேர்தானா என்று அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. மற்றவர்கள் கீழே பார்க்கிங்கில் நிற்கிறார்கள் என்று நினைத்திருப்பாள்.

முதுமலை, பந்திப்பூர், கபினி என்று மூன்று தாள்களை எடுத்துப் போட்டாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். இவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"புலி எத்தினி மணிக்கு வரும்மா?"

அவளுக்குத் தமிழும் நன்றாகவே தெரிந்தது. "அது சொல்ல முடியாது சார். வரலாம், வராமலும் போகலாம்."

"மலை மேல சாமிக்கே டைம் போட்டு டிக்கெட் குடுக்கறாங்க. இதுக்கு அந்த மாதிரி ஸ்பெஷல் டிக்கெட் ஒண்ணும் இல்லியா? கொஞ்சம் ஜாஸ்தி குடுத்தா கிட்ட வுடுவாங்களா?"

"கிட்ட விட்டா நீங்க திரும்பி வர மாட்டீங்க சார்" என்றாள் அவள், சிரிக்காமல். எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அவர் விடவில்லை. "யானை தானே பாக்கணும்? பலமனேர் பக்கம் போனா போதும்மே. நாம போய்ப் பாக்க வேணாம், அதுவே கரும்புக் கொல்லைக்கு வந்து நம்மளப் பாத்துட்டுப் போவும்" என்று என் பக்கம் திரும்பினார். பலமனேரில் அவருடைய சித்தப்பா வீடு இருக்கிறது. அங்கே போனால் யானையைப் பார்ப்போமோ இல்லையோ, சித்தப்பா வீட்டு ஒன்பது பேரையும் பார்த்தே ஆக வேண்டும். நான் அவரைப் பார்த்த பார்வையில் மனுஷர் சத்தமில்லாமல் தாளைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். பஸ் போல பெரிய வண்டியும் இருக்கிறது, ஜீப்பும் இருக்கிறது. பெரிய வண்டியில் இருபது பேருக்கு மேல் உட்காருவார்களாம், கலகலப்பாக இருக்குமாம். "ஜீப்" என்றேன், அவள் முடிப்பதற்குள். காலையில் ஒரு சவாரி, சாயங்காலம் ஒரு சவாரி, நடுவில் ஆற்றில் படகு. காட்டுக்குள் மட்டும் யாரும் சத்தம் போடக் கூடாது என்று சொல்லிவிட்டு, இவரை ஒரு முறை பார்த்தாள். இவர் அவசரமாகத் தலையாட்டினார்.

மூன்றில் எது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மூன்றிலும் மரம்தான், மூன்றிலும் மான்தான். கடைசியில் அவள் தயங்கிக்கொண்டே, "கபினியில நாங்க குடுக்கற ரூம்ல ஒரு குறை இருக்கு மேடம். போன் சிக்னல் கிடைக்காது" என்றாள்.

"கபினியே போடும்மா" என்றேன்.

மறுநாள் காலையில் போன் செய்து எல்லாவற்றையும் உறுதி செய்துகொள்வதாகச் சொன்னாள். திரும்பி வரும்போது வடமாலபேட்டை டோல்கேட்டில் பஸ் நின்ற நேரத்தில் அவரிடம் சத்தியம் வாங்கினேன். டிக்கெட் கைக்கு வரும்வரை ஒருத்தரிடமும் மூச்சு விடக் கூடாது. முக்கியமாக அவருடைய அக்காவிடம். "என்னிய இன்னா ஒளறு வாயின்னு நெனச்சிக்கினியா?" என்று கோபித்துக்கொண்டார். பஸ்ஸே கேட்டது.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். நான் பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். இவர் கொட்டகையில் தறிகளுக்கு நடுவில் நின்றார். போன் வந்தது. வேறு யாராக இருந்தாலும் வெளியே வந்து பேசியிருப்பார்கள். எங்கள் தறிக்காரர்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. போனை வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டு தறியை மிஞ்சிக் கத்துவார்கள். தெரு முழுக்கத் தறி ஓடும்போது அது ஒருவருக்கும் கேட்காது. அந்தத் தைரியத்தில்தான் இவரும் ஆரம்பித்தார்.

சரியாக அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

எங்கள் ஆறு தறி, எதிர் வீட்டு எட்டுத் தறி, தெருக்கோடி வரை எல்லாத் தறியும் ஒரே நொடியில் நின்றன. காக்கா கத்துவது கூடக் கேட்கிற அமைதி. அதில் என் வீட்டுக்காரரின் குரல் மட்டும் தனியாக ஓடியது. "ஆமாம்மா! கபினி! புலிக் காடு! ஜீப்பு! யாரும் கூட வரல! யாருக்கும் சொல்லல! நாங்க ரெண்டே பேரு!"

தெருவில் யாரோ சிரித்தார்கள். நான் ஈரத் துணியோடு அப்படியே நின்றேன்.

சாயங்காலம் நாத்தனார் வந்துவிட்டார். இவருக்கு எட்டு வயசு மூத்த அக்கா, பக்கத்துத் தெருவில் வீடு. மாமியார் சீக்கிரமே போய்விட்டதால் இவரை வளர்த்ததே அவர்தான். வந்தவர் செருப்பைக் கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"இன்னாடா தம்பி, காட்டுக்குப் போறியாமே? ரெண்டு பேரா போறது இன்னா கூத்து? புலி கீற எடம்டா அது. ஆளு ஜாஸ்தியா இருந்தா தான் அது கிட்ட வராது."

"அது கிட்ட வரணும்னு தான்க்கா டிக்கெட்டே எடுக்கறது" என்று இழுத்தார் இவர்.

"நான் அல்லாத்தையும் பேசிட்டேன். பதினோரு பேரு. வேன் சொல்லியாச்சு. புளிசோறு கட்டிக்கினா ரெண்டு நாளைக்குத் தாங்கும், வழியில துன்னுக்கினே போலாம்."

காடும் போயிற்று என்று எனக்குப் புரிந்தது. இவர் சுவரைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். "ஜீப்புல ரெண்டு பேரு தான் உக்காரணுமாம்க்கா, கவர்மெண்ட் ரூல்ஸு" என்று கூசாமல் புளுகினார். "அப்ப ஆறு ஜீப்பா எடு" என்றார் நாத்தனார். எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று தெரியவில்லை, ரெண்டும்தான். கண்ணாடி வாங்கப் போவதாகப் பொய் சொன்னவள் நான், புலியைக் காட்டிப் பயமுறுத்தப் பார்த்தவளும் நான். இருபத்தைந்து வருஷத்தில் வேண்டியதை வேண்டும் என்று ஒரு தடவை கூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

"அக்கா, நான் இவரோட தனியா போவணும்" என்றேன். "புலி வந்தாலும் சரி, வராட்டியும் சரி. நாங்க ரெண்டு பேரு மட்டும் போவணும். வேற யாரும் வர வேணாம்."

கொட்டகையில் தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் நாத்தனாருக்கு நன்றாகக் கேட்டுவிட்டது. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விறுவிறுவென்று சமையல்கட்டுக்குள் போனார். இனி ஆறு மாசத்துக்குப் பேச்சு வார்த்தை இருக்காது என்று நினைத்துக்கொண்டே பின்னால் போனேன்.

அவர் சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார். "முப்பத்தெட்டு வருஷமாச்சும்மா எனக்குக் கல்யாணமாயி" என்றார். "ஊட்டுக்காரரோட ஒரு சினிமாவுக்குக் கூடத் தனியா போனதில்ல. கல்யாணம் ஆன புதுசுல திருத்தணிக்கு இட்டுக்கினு போனாரு. அப்பக் கூட உன் ஊட்டுக்காரன் தான் எங்க நடுவுல உக்காந்துக்கினு வந்தான். அம்மா இல்லாத புள்ளய எங்க வுட்டுட்டுப் போறது?"

நான் கிட்டே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த ஆபீஸ் எங்க கீது? எனக்கும் காட்டு" என்றார்.

வேனை அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மறுநாள் நானும் அவரும் மட்டும் திருப்பதிக்குப் போனோம். வீட்டில் என்ன சொன்னீர்கள் என்று பஸ்ஸில் கேட்டேன், டாக்டரிடம் கண் காட்டப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தாராம். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவர், மூன்று தாளையும் ஒரு வரி விடாமல் படித்து முதுமலையில் விரலை வைத்தார். அந்தப் பெண் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, "ரெண்டே பேரு தாம்மா. நானும் எங்க ஊட்டுக்காரரும்" என்றார். அறுபதை நெருங்கும் என் நாத்தனாருக்கு அதைச் சொல்லும்போது முகமெல்லாம் வெட்கம்.