பட்டுக்கையின் மூன்று விரல்கள்

அவர் சவரம் செய்தால் கத்தி கன்னத்தில் இறங்குவதே தெரியாது. பாதியிலேயே குறட்டை விட்டவர்கள் உண்டு. பட்டுக்கை என்று பெயர் விழுந்து, சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லாமல் போயிற்று.

ஒரு மத்தியானம் கடைச் சுவரிலிருந்த பெரிய கண்ணாடி ஆணியோடு பெயர்ந்து வந்தது. நாற்காலியில் ஆள் இருந்தார். பட்டுக்கை வலது கையைக் குறுக்கே நீட்டிவிட்டார். உட்கார்ந்திருந்தவருக்குக் கீறல்கூட இல்லை. இவருக்கு முழங்கையருகே ஆழமான வெட்டு.

ஆஸ்பத்திரியில் உள்ளே ஒரு தையல், வெளியே ஒரு தையல். கட்டைப் பிரித்தபோது தழும்பு நூல் பிடித்தாற்போல இருந்தது. "ஆறிப்போச்சே, கடையை எப்பத் திறக்கிறீங்க?" என்று வழியில் பார்க்கிறவர்களெல்லாம் கேட்டார்கள். பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துக் கிடந்தது அவர்களுக்குத் தெரியாது.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "உடம்பு முழுக்க நாலு வகைத் திசுதான். மேலே மூடியிருக்கிறது புறத்திசு, அது தானா வளர்ந்து மூடிக்கும். தசையை எலும்போட கட்டுற நாணெல்லாம் இணைப்புத் திசு. அறுந்ததைத் தைச்சோம், பிடிச்சிருச்சு. தசைத் திசுவுக்கும் பெரிய அடி இல்ல. ஆனா நரம்புத் திசு இருக்கே, அது ரொம்ப மெதுவா வளரும். விரல் வரைக்கும் வந்து சேருமான்னு சொல்ல முடியாது. அதுவரைக்கும் சும்மா கிடக்கிற தசை வத்திப்போகும்."

"வராதுன்னு சொல்றீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"பார்ப்போம்மா."

பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். பெருவிரலடிச் சதை கரைந்து குழி விழுந்தது. ஒரு நாள் டீ கிளாஸைப் பிடித்தபடி பேசிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து மனைவி அதைப் பிடுங்கினாள். விரலில் கொப்புளம். அவருக்குச் சூடே தெரியவில்லை. அந்தப் புண்ணும் சீக்கிரமே ஆறிவிட்டது. புதுத்தோலைப் பார்க்கப் பார்க்க அவருக்கு எரிச்சலாக வந்தது. எதற்கு இந்த அவசரம் இதற்கு?

கடையை மைத்துனன் பார்த்துக்கொண்டான். நல்ல பிள்ளை. ஒரு நாள் அவனாகவே நாற்காலியில் உட்கார்ந்து, "மாமா, எனக்குப் பண்ணி விடுங்க. பழகப் பழக வந்துரும்" என்றான்.

நுரையைப் பூசினார். கத்தியை எடுத்தார். விரலுக்குள் கத்தி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தாடை வளைவில் நுரை சிவந்தபோதுதான் வெட்டிவிட்டது தெரிந்தது.

"ஒண்ணுமில்ல மாமா."

கத்தியை இடது கையால் மடித்து வைத்தார். அதன்பின் கடைப் பக்கமே போகவில்லை. இடது கையால் பழகச் சொன்னார்கள். தன் முகத்திலேயே முயன்று, நாலு கீறலோடு அதையும் விட்டார்.

மறுபடி பரிசோதனைக்குப் போனார்கள். டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஊசியை எடுத்தார். "தெரியுதா?"

மனைவி மூச்சுவிடாமல் நிற்பது கண்ணை மூடியிருந்தும் அவருக்குத் தெரிந்தது.

"லேசா தெரியுது" என்றார்.

ஊசி இன்னும் விரலைத் தொட்டிருக்கவில்லை. டாக்டரம்மா ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். ஊசியைத் தட்டில் வைத்தார். பக்கவாட்டில் நின்றிருந்த மனைவிக்கு ஊசி விரலில் படாதது தெரியவில்லை. வாசலுக்கு வந்ததுமே தம்பிக்குப் போன் போட்டாள். "உணர்ச்சி வருதாம்டா. மாமாவே சொன்னாரு."

அவர் வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, அவள் பேசி முடிக்கும் வரை தெருவைப் பார்த்தபடி நின்றார்.