பிரேக் கருகிய நாற்றம்

ஓசூரில் பிரேக் பேட் செய்யும் கம்பெனியில் பத்து வருடமாகச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். அப்படிப்பட்ட நான் செய்த காரியத்தை இப்போதுதான் வெளியில் சொல்கிறேன்.

வேலையாக என்னை ஜெர்மனிக்கு அனுப்பியிருந்தார்கள். கோடை விடுமுறைக்கு மனைவியும் மகளும் வந்ததும், வாடகைக் காரில் ஆஸ்திரியா வழியாக இத்தாலிக்குக் கிளம்பினோம். ஆல்ப்ஸ் மலை இறக்கத்தில், எங்கள் ஊர்ப் பக்கத்து பர்கூர் கல் லாரிக்காரர்களைப் போல டீசலை மிச்சம் பிடிக்க வண்டியை நியூட்ரலில் விட்டேன். வளைவுக்கு வளைவு பிரேக்கை மட்டுமே மிதித்தேன்.

"என்னங்க, ஏதோ கருகுற நாத்தம் வருதே," என்றாள் மனைவி.

அது என்ன நாற்றம் என்று எனக்கு அப்போதே தெரியும். மகள் எதிரில் தப்பை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

"வெளிய யாரோ சருகு கொளுத்துறாங்க. கண்ணாடிய ஏத்து."

ஏற்றினாள்.

அடுத்த வளைவில் பிரேக் பெடல் தரைவரை போனது. வண்டி நிற்கவில்லை. வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் பள்ளத்தாக்கு. இரண்டாம் கியரைத் திணித்தேன், எஞ்சின் அலறியது. மலைப்பக்கம் மேடேறிய மண்பாதை ஒன்று தெரிந்ததும் அதில் திருப்பினேன். கொஞ்சம் ஏறி, வண்டி தானே நின்றது. சக்கரங்களிலிருந்து புகை வந்தது.

அழுத மகளை அணைத்தபடி, என்னைப் பார்க்காமலே மனைவி சொன்னாள்: "ஊர்ல தினம் உங்க சட்டையில வர்ற நாத்தந்தாங்க இது. துவைக்கிற எனக்குத் தெரியாதா?"

அப்படியென்றால், சொன்னாலும் நான் கேட்கமாட்டேன் என்றுதானே பேசாமல் கண்ணாடியை ஏற்றினாள்?

இப்போது என் சட்டையை நானே துவைக்கிறேன். அந்தக் கேள்வியை மட்டும் அவளிடம் கேட்க இன்னும் தைரியம் வரவில்லை.