செம்பு அறைக்குள் இன்னொரு மூச்சு

“காந்தன், துத்துப் பண்ணுலா!”

“பண்றேன்க்கா! அப்படியே கடையில சாப்பாடு தாப்பாவ் பண்ணி எடுத்துட்டு வரேன்!”

டம்.

அவன் மூடியது கதவை. நான் அணைக்கச் சொன்னது மைக்ரோவேவ் அலை வீசும் கருவியை; அதன் சுவிட்ச் வெளியே. எங்கள் ஊரில் மூடுவதற்கும் அணைப்பதற்கும் ‘துத்து’ என்ற அதே மலாய்ச் சொல்தான்.

நான் ராகினி. செங் என்ற ஊரில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் வேலை. கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். இது பட்டப்பகலில் எனக்கு நடந்தது.

நான் உள்ளே மாட்டிக்கொண்ட அந்தச் சோதனை அறையின் சுவரெல்லாம் செம்புத் தகடு. வெளியிலிருந்து எந்த அலையும் உள்ளே வராது. கைப்பேசி செத்துவிடும். சத்தமும் வெளியே போகாது. கதவின் உள்பக்கக் கைப்பிடி கழன்று கிடந்தது. வேலைக்குப் புதியவனான காந்தனுக்கு அது தெரியாது. காற்று வர ஒரு துவாரம்கூட இல்லை. எனக்கோ ஆஸ்துமா. இன்ஹேலர் வெளியே, பையில்.

தட்டினேன். கத்தினேன். நெஞ்சு இறுகியது.

மேசைமேல் மின்னோட்ட மானியோடு இணைத்த கிராபீன் துண்டு. ஓர் அணுவின் தடிமனே உள்ள கரித்தாள். மைக்ரோவேவ் பட்டால் அதன் எலக்ட்ரான்கள் ஒரு பக்கமாக நகரும். பேட்டரி இல்லாமலே மின்னோட்டம் ஓடும். அலை எதிர்ப்பக்கமிருந்து வந்தால் ஓட்டமும் திசை மாறும்.

கருவியின் வயரைப் பிடுங்கினேன்.

மானியில் எண் பூஜ்யத்துக்கு இறங்கியது.

பிறகு... மைனஸில் ஏறியது.

அப்படியென்றால் அலை எதிர்ப்பக்கமிருந்து வருகிறது. என் முதுகுக்குப் பின்னாலிருந்து. அங்கே வெறும் சுவர்.

ஏறியது... இறங்கியது... ஏறியது.

மூச்சு வாங்குவதுபோல.

என் மூச்சை அடக்கினேன்.

அது அடக்கவில்லை.

நான் திரும்பவில்லை.

விழுந்தது மட்டும் நினைவிருக்கிறது. பிறகு வெளிச்சம். காந்தனின் அலறல். “அக்கா! உதடெல்லாம் நீலமா இருக்கு!” பையைக் காட்டினேன். இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்தான்.

மூத்த பொறியாளர் புவனேஸ்வரன் அண்ணன் பிறகுதான் சொன்னார். அந்த அறை நாங்கள் கட்டியதில்லையாம். பக்கத்துக் கடலோர ஊரான தங்கா பத்துவில் திடீரென்று மூடிய ஒரு மீன் கிடங்கிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த குளிர் அறை. செம்பு மட்டும்தான் எங்களுடையது.

மானியில் பதிவான மின்னோட்டத்தை அவர் ஒலிபெருக்கியில் ஓடவிட்டார்.

முதலில் இரைச்சல்.

பிறகு மூச்சு.

பிறகு... கரகரத்த ஓர் ஆண்குரல். காதோரம் பேசுவதுபோல.

“மெதுவா மூச்சு விடும்மா... எனக்கும் கொஞ்சம் காத்து வை...”