பஷீர் பாய் வீட்டில் கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல்

வெள்ளிக்கிழமைதோறும் சாயங்கால அசர் தொழுகைக்குக் கிளம்பும் முன் பஷீர் அகமது கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்திவிட்டுப் போவார். தொழுது முடித்து, பள்ளிவாசல் முன்னால் நாலு பேரிடம் மழையைப் பற்றி வருத்தப்பட்டு, மேடேறி வீடு திரும்பும்போது திரையில் வெளிச்சம் வந்திருக்கும். தொப்பியைக்கூடக் கழற்றாமல் பெட்டியின் மண்டையில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போலத்தான். "இப்பத்தேன் லேசா கணகணங்குது. வெரசாப் பேசிரலாம்" என்று அறிவிப்பார். அதன் பிறகே வீட்டில் மற்றவர்கள் மூச்சு விடலாம்.

மற்றவர்கள் என்பது அவர் மனைவி ஜஹனாரா அம்மா ஒருவர்தான்.

பஷீர் பாய்க்குக் கொடைக்கானல் பஜாரில் கம்பளிக் கடை. ஸ்வெட்டர், மஃப்ளர், குழந்தைகளுக்கு முயல் காது வைத்த குல்லா. எல்லாமே சுத்தமான ஆட்டு ரோமம் என்பது அவர் வாக்கு. அவர் மட்டும் தன் கடைச் சரக்கைப் போடமாட்டார். கேட்டால் "அரிக்கும்" என்பார். கடை சின்னது. அதனால் மிச்ச மூட்டைகளெல்லாம் வீட்டு முன்னறையில், கூரை வரைக்கும். அந்த மூட்டைகளுக்கு நடுவில், மலைப்பாதையில் மாட்டிக்கொண்ட லாரி மாதிரி, அந்தக் கம்ப்யூட்டர்.

மகள் அப்ரின் காலேஜில் சேர்ந்தபோது வாங்கியது. அப்ரின் படித்தாள், ரஷாத்தைக் கல்யாணம் செய்துகொண்டாள், பஹ்ரைனுக்குப் போனாள். கடைசியாக ஊருக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. கம்ப்யூட்டரும் இதற்குள் எங்காவது போயிருக்க வேண்டியது. பஷீர் பாய் விடவில்லை.

விடாததற்குக் காரணம் உண்டு. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு ஜஹனாரா அம்மாவுக்குக் காது போய்விட்டது. காதில் வைத்த மெஷினில் இரைச்சல் மட்டும் கேட்டது. அந்தம்மா ஆறே மாதத்தில் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் படிக்கக் கற்றுக்கொண்டார். எந்த அளவுக்கு என்றால், அப்போதெல்லாம் சாலையின் அந்தப் பக்கம் நின்று கிசுகிசுக்கிற டூரிஸ்ட் தம்பதியையும் படித்துவிடுவார். படித்ததைச் சும்மா வைத்திருக்கவும் மாட்டார். சரியாகப் படித்தோமா என்று உறுதி செய்துகொள்ள, வாய்விட்டுத் திருப்பிச் சொல்லி, "சரியா?" என்று கேட்பார். தன் குரலின் அளவு தனக்குத் தெரியாது என்பதால் அது பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். ஒருநாள் கடைக்கு எதிரே ஒரு பெண் தன் கணவனிடம் ஏதோ சொல்ல, ஜஹனாரா அம்மா கல்லாவில் இருந்தபடியே, "'பாவம், ஏமாளி மாதிரி இருக்காரு, இன்னும் கொறைச்சுக் கேளுங்க'ங்குறீங்க. சரியா?" என்றார். அந்தத் தம்பதி ஸ்வெட்டர் வாங்கவில்லை. குளிரைத் தாங்கிக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். மறுநாளிலிருந்து ஜஹனாரா அம்மாவுக்குக் கடையிலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்டது.

பிறகு அந்தம்மாவுக்குக் கண்ணிலும் புரை விழுந்தது. போனில் மகளின் உதடு எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம். கம்ப்யூட்டரின் பெரிய திரையில் மட்டும்தான் மகள் பேசுவது அவருக்குப் பேச்சாக வந்து சேரும். புதிது வாங்க வேண்டியதுதானே என்று பஜாரில் கேட்காத ஆளில்லை.

"அப்ரின் வாங்கி அனுப்புறேன்னு மூணு வருசமாச் சொல்லுது. அதுக்குள்ள நம்ம வாங்கிட்டா அந்தப் புள்ள மனசு என்ன பாடுபடும்" என்பார் பஷீர் பாய்.

கேட்டவர் அத்தோடு ஸ்வெட்டர் விலையை விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்.

நோயின் விவரம் இது. பேச ஆரம்பித்துப் பத்து நிமிஷம் வரை திரையில் அப்ரின் மனுஷி மாதிரி பேசுவாள். பிறகு பெட்டிக்குள் மாவு மில் ஓடுகிற சத்தம் கேட்கும். அப்ரின் விட்டு விட்டு அசைவாள். பிறகு வாய் பாதி திறந்தபடி நின்றுவிடுவாள். காது கேட்கிறவர்களுக்கு அதன் பிறகும் கொஞ்சம் சத்தம் வரும், அதுவும் அறுபடும். ஜஹனாரா அம்மாவுக்கு அந்தத் திறந்த வாய்தான் மிச்சம். அடுத்த வெள்ளி வரைக்கும் அந்த வாயை மனசில் வைத்துப் படித்துக்கொண்டிருப்பார். ஒரு வெள்ளிக்கிழமை, "ஊருக்கு எப்ப வர்ற?" என்று அவர் கேட்டு வாய் மூடும் முன்பே மகள் நின்றுவிட்டாள்.

"வர்றேன்னு சொல்ல வந்தாளா, வரலன்னு சொல்ல வந்தாளா?"

"வர்றேன்னுதேன்" என்றார் பஷீர் பாய், பெட்டியை முறைத்தபடி. "இந்தச் சனியன் விட்டாத்தானே."

ஆக, குடும்பத்துக்கு ஒரே ஒரு எதிரி. அது மேசை மேல் இருந்தது. அதைத் திருத்திவிட்டால் போதும்.

ரிப்பேர் கடை முகேஷ் பெட்டியைத் திறக்காமலே தட்டிப் பார்த்து, "இதுல இனிப் பாக்க ஒண்ணுமில்ல பாய், தூக்கிப் போட்டுருங்க" என்றான். "டாக்டர் மாதிரியா பேசுறான்? குழி வெட்டுறவன் மாதிரில்ல பேசுறான்" என்று வைத்தியத்தை பஷீர் பாய் தன் கையில் எடுத்துக்கொண்டார். பஜார் முழுவதும் ஆலோசனைக்கு ஆள் இருந்தது. உள்ளே பாரம் அதிகம் என்று ஒருவர் சொல்ல, மகள் காலேஜில் செய்த புராஜெக்டை எல்லாம் அழித்தார். காற்று வேண்டும் என்று இன்னொருவர் சொல்ல, பெட்டிக்கு அடியில் நாலு செங்கல் வைத்தார். குளிர்ச்சி வேண்டும் என்று மூன்றாமவர் சொல்ல, ஜன்னலைத் திறந்துவைத்தார். எங்கள் ஊரில் ஜன்னலைத் திறந்தால் காற்று மட்டும் வருவதில்லை, மேகமே உள்ளே வந்து நாற்காலியில் உட்காரும். கம்ப்யூட்டர் நனைந்து தும்மியது. ஈரம் காய்வதற்காகக் கரி அடுப்பில் கணப்பு மூட்டிப் பக்கத்தில் வைத்தார். சூடு தாங்காத பெட்டிக்கு நெருப்பு வைத்த வைத்தியர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

பிறகு ஒரு காலை வெள்ளனே கிளம்பி மலை இறங்கினார். எங்கள் ஊர்க் கடையில் போய் ஃபேன் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். அதனால் வத்தலக்குண்டு. சாயங்காலம் டேபிள் ஃபேனை மடியில் வைத்துக்கொண்டு மேலே வருகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். குளிருக்கு அஞ்சிக் காதை மூடியிருந்த பயணிகள் வழிநெடுக அந்த ஃபேனைத் துக்கத்தோடு பார்த்தார்கள். பஜாரில் இறங்கியதும் டீக்கடை மயில்சாமி கண்ணில் பட்டுவிட்டார்.

"என்ன பாய், கொடைக்கானலுக்கே வேர்த்திருச்சா?"

"எனக்கு இல்லப்பா. வீட்ல ஒருத்தருக்கு."

"கம்பளி விக்கிற மனுசன் ஃபேனத் தூக்கிட்டு மெயின் பஜார்ல நடந்தா, குளிருதுன்னு எந்த டூரிஸ்ட் நம்புவான்? பின்பக்கமாப் போங்க பாய். நானும் சூடா டீன்னு போர்டு போட்டுப் பொழைக்கிறவன்."

பஷீர் பாய் பின்பக்கமாகத்தான் போனார்.

ஃபேன் வந்த பிறகு நோய் முற்றியது. பத்து நிமிஷம் ஐந்தானது. "சலாம் சொல்றதுக்குள்ள வாயத் தொறந்துட்டு நிக்கிறா" என்று மயில்சாமியிடம் சொல்லிக் கடை பெஞ்சில் உட்கார்ந்தார். மயில்சாமிகூட அன்று கேலி செய்யவில்லை. டீயில் இஞ்சியை அதிகமாகத் தட்டிப் போட்டார்.

ஐப்பசி மழையில் கடை திறக்க முடியாமல் கிடந்த ஒரு நாள், தையல் மெஷின் திருப்புளியால் பெட்டியைப் பிரித்தார். உள்ளே சூட்டை வெளியேற்றும் தகடுகளுக்கும் சின்ன விசிறிக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் என்னவோ அடைத்துக்கொண்டிருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தார். கெட்டியாக, நெய்ததைப் போல, முழுசாக வந்தது. கம்பளி. வருஷக்கணக்காக மூட்டைகளிலிருந்து பறந்த பிசிறையெல்லாம் மூச்சோடு உள்ளே இழுத்து, அந்தக் கம்ப்யூட்டர் தனக்குத் தானே ஒரு ஸ்வெட்டர் பின்னிப் போட்டுக்கொண்டிருந்தது. வத்தலக்குண்டு ஃபேன் மூட்டைகளுக்குப் பின்னால் நின்று, மிச்சப் பிசிறையும் ஊதி ஊதி உள்ளே அனுப்பியிருந்தது.

பஷீர் பாய் அதை விரல்களுக்கிடையே தேய்த்தார். முகர்ந்தார். ஒரு நுனியில் தீக்குச்சி வைத்தார். ரோமம் போலக் கருகாமல், பிளாஸ்டிக் போல உருகிச் சொட்டியது. "லூதியானா அக்ரிலிக்கு. நம்ம சரக்குதேன்" என்றார். ஒரு டூரிஸ்ட்டிடமும் சொல்லாத உண்மை அன்று வெளியே வந்தது. அதைப் பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு, ஆபரேஷன் முடிந்து சிறுநீரகக் கல்லைக் காட்டித் திரிகிறவர் போலப் பஜார் முழுக்கக் காட்டினார்.

"ஒங்க கடைச் சரக்குல கதகதன்னு இருந்தது இது ஒண்ணுதேன் பாய்" என்றார் மயில்சாமி.

அந்த வெள்ளிக்கிழமை, நோய் தீர்ந்ததைப் பார்த்துப் போக மயில்சாமியும் பக்கத்துக் கடையில் இருக்கும் நானும் அழைக்கப்பட்டோம். வெளியே தகரத்தில் மழை. மூட்டைகளின் மேல் இடம் பார்த்து உட்கார்ந்தோம். பஷீர் பாய் மனைவியின் தோளைத் தொட்டுத் திருப்பி, உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னார்: "அவசரமே இல்ல. நிதானமாப் பேசு. எப்ப வர்றான்னு கடைசியாக் கேட்டுக்கலாம். இன்னைக்கு முழுப் பதிலும் வாங்கிரலாம்."

ஜஹனாரா அம்மா நல்ல முக்காட்டைப் போட்டுக்கொண்டு திரைக்கு நேராக உட்கார்ந்திருந்தார்.

அப்ரின் வந்தாள். சலாம் சொன்னாள். சாப்பிட்டீர்களா என்றாள், மழையா என்றாள், கண்ணுக்கு மருந்து விடுகிறீர்களா என்றாள். ஒவ்வொன்றையும் அந்தம்மா திருப்பிச் சொல்லி "சரியா?" என்றார். "சரிம்மா" என்றாள் மகள். பத்து நிமிஷம் ஆனது. மாவு மில் சத்தம் வரவில்லை. பஷீர் பாய் மகளைப் பார்க்கவே இல்லை, பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், தேர்வில் தேறிய பிள்ளையைப் பார்ப்பது போல.

"அங்க மழையா?" என்றாள் அப்ரின் மறுபடி.

"'மழையா'ங்குற. சரியா? ஆமா, மழைதேன்."

அதோடு கேட்பதற்கு இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. ஜஹனாரா அம்மாவுக்கு அது குறையாகத் தெரியவில்லை. நிற்காத முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அத்தா, படம் நிக்குதா?"

"இல்லம்மா. கண்ணாடி மாதிரி கெடக்கு."

மயில்சாமி டீயை ஆற்றாமலே குடித்தார். அப்ரின் கழுத்துச் சங்கிலியை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"இப்ப ஹேங் ஆகுற மாதிரி இருக்குல்லத்தா?"

"ஆகாதும்மா" என்றார் பஷீர் பாய் பெருமையோடு. "இனிமே ஆகவே ஆகாது. விடிய விடியப் பேசலாம்."

அப்ரின் தலையாட்டினாள். கை நீண்டு எதையோ தொட்டது. திரையின் மூலையில், குறுக்கே கோடு கிழித்த சின்ன மைக் படம் வந்தது. அவள் தன் பக்கத்துச் சத்தத்தை நிறுத்தியிருந்தாள். எங்கள் பக்கத்துச் சத்தம் அவளுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவள் பாதி திரும்பி, திரைக்கு வெளியே இருந்த யாரிடமோ பேச ஆரம்பித்தாள்.

பஷீர் பாய்க்கு இந்த மைக் சமாச்சாரம் தெரியாது. "ஸ்பீக்கர் வயரு லூசாயிருச்சு போல, இந்தா ஒரு சோலி" என்று சுறுசுறுப்பாக மேசைக்கு அடியில் நுழைந்தார். அங்கிருந்து அவர் ஊதுவதும் தட்டுவதும் கேட்டது.

திரையில் அப்ரின் பேசி முடித்தாள். ஜஹனாரா அம்மா வழக்கம்போலத் திருப்பிச் சொன்னார். தகரத்து மழையைத் தாண்டி அறை முழுக்கக் கேட்டது.

"'மச்சான், இன்னைக்கு இது நிக்கவே மாட்டேங்குது'ங்குற. சரியா?"

மேசைக்கு அடியில் தட்டும் சத்தம் நின்றது. திரையில் அப்ரின் சட்டென்று இந்தப் பக்கம் திரும்பினாள். ஜஹனாரா அம்மா மிச்சத்தையும் சொல்லிக்கொண்டிருந்தார், கொஞ்சம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

"'எப்பவும் பத்து நிமிசத்துல தானாப் போயிரும். இனி எப்ப வர்றேன்னு கேக்க ஆரம்பிச்சிருவாங்க'ங்குற."

சரியா என்று கேட்கவில்லை.

மயில்சாமி எழுந்தார், பிறகு எங்கே போவது என்று தெரியாதவர் போல அதே மூட்டையில் உட்கார்ந்தார். பஷீர் பாய் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். முழங்காலில் அப்பியிருந்த கம்பளிப் பிசிறைத் தட்டிவிட்டார். நிமிர்ந்து திரையைப் பார்த்தார். படம் ஒரு துளிகூடப் பிசகவில்லை. அப்ரின் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்குவதும், பின்னால் ஜன்னல் திரை காற்றில் ஆடுவதும் தெளிவாகத் தெரிந்தன. ஜஹனாரா அம்மா இன்னும் அந்தக் கைக்குப் பின்னால் இருந்த உதட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

பஷீர் பாய் குனிந்து, மனைவியின் மோவாயைப் பிடித்து, அந்த முகத்தைத் திரையிலிருந்து தன் பக்கம் திருப்பினார். வெளிச்சம் தன் வாயில் விழும்படி நின்றுகொண்டு, உதட்டை நன்றாக விரித்து, அவசரமில்லாமல் சொன்னார்:

"ஹேங் ஆயிருச்சு."