கல்லூரி கேட்டில் என் முகம்

நான் படித்த சட்டக் கல்லூரியில் வேலைவாய்ப்பு வழிகாட்டும் பிரிவு என்று ஒன்று இருந்தது. பழைய ஜெராக்ஸ் அறைதான் அது. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஆணியில் தொங்கும் ஒரு நீலக் கோட்டு. வேலை கிடைத்தவன் யாராக இருந்தாலும் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் போட்டோவுக்கு நிற்க வேண்டும். ஒல்லியான பையன் என்றால் முதுகுப் பக்கம் துணிக்கிளிப் மாட்டி இறுக்குவார்கள். எனக்கு முதுகு பூராவும் கிளிப்.

அந்தப் பிரிவு என்பது ஒரே ஒரு சார். ஒப்பந்தச் சட்டம் நடத்தும் தற்காலிக ஆசிரியர். வருஷா வருஷம் நிர்வாகம் மனசு வைத்தால்தான் அவருக்கே வேலை. எங்களை ‘மாப்ள’ என்றுதான் கூப்பிடுவார். நானோ டி. கல்லுப்பட்டிப் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற வீட்டுப் பையன். என் இங்கிலீஷைக் கேட்டுவிட்டு, “மாப்ள, மெதுவாப் பேசு. யோசிச்சுப் பேசுறான்னு நினைச்சுக்கிருவாங்க” என்றார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அது பலித்தது. சென்னையில் ஒரு கம்பெனி, வெளிநாட்டு ஒப்பந்தங்களைப் படித்து எந்தப் பத்தியில் வில்லங்கம் என்று குறித்துக் கொடுக்கும் வேலைக்கு, வீடியோவிலேயே என்னைப் பேட்டி கண்டு எடுத்துக்கொண்டது. ஆவணி பிறந்ததும் சேர வேண்டும்.

மறுநாளே கல்லூரி கேட்டில் நீலக் கோட்டோடு என் முகம், ஆள் உயரத்துக்கு. பேப்பரிலும் விளம்பரம் வந்தது. எங்கள் ஊர்ப் பயல்கள் சும்மா இருப்பார்களா? பஸ் ஸ்டாப்பில் அதைவிடப் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். கறுப்புக் கோட்டில் என் தலையை ஒட்டி, பக்கத்தில் ஒரு சிங்கத்தை நிறுத்தி, ‘வருங்கால நீதியரசரே’ என்று எழுதியிருந்தார்கள். கீழே அவர்கள் எல்லாருடைய படங்களும் இருந்தன. அப்பா தினமும் அங்கே வண்டியை நிறுத்தி, தோளில் கிடக்கும் துண்டால் என் மூஞ்சியில் படிந்த தூசியைத் தட்டிவிட்டுத்தான் பருத்திக் காட்டுக்குப் போவார்.

ஆனி மாதம் ஒரு மத்தியானம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினாள். “சாரி, அந்த வேலையை இப்போ ஏஐ பார்த்துக்குது. உங்க பேட்ச் யாரையும் எடுக்கல” என்றாள். நான் பெரியார் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். எந்த பஸ்ஸில் ஏறினேன், எப்படிக் கல்லூரிக்குப் போனேன் என்று இன்றுவரை நினைவில்லை.

சார் என் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார். எல்லாவற்றையும் கேட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மாப்ள, அட்மிஷன் முடியுற வரைக்கும் வெளிய மூச்சு விட்றாத. இந்த வருசம் வேலை கிடைச்சது உனக்கு ஒருத்தனுக்குத்தான். உன் படத்த எறக்குனா என் சீட்டும் கிழிஞ்சிரும். நீ வந்து அட்மிஷன் டேபிள்ல உக்காரு. முடிஞ்சதும் ஒத்தக்கடையில, ஹைகோர்ட்ல பிராக்டிஸ் பண்ற ஒரு சீனியர்கிட்ட உன்னக் கொண்டு போய்ச் சேர்க்கிறது என் பொறுப்பு. சத்தியம்.”

கோபம் கோபமாக வந்தது. ஆனால் அந்த மனுஷன் பிடித்த கையை விடவே இல்லை. ‘பார்க்கலாம் சார்’ என்று கையை உருவிக்கொண்டு வந்தேன்.

அவரை நம்பிச் சும்மா இருக்கவும் முடியவில்லை. நானாகவே டவுனுக்குள் வக்கீல் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். ஒருவர் “எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ள?” என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் அடுத்த கேள்வியே அவரிடம் இல்லை. இன்னொருவர் ஆபீஸில் இருக்கிற ஜூனியருக்கே நாற்காலி இல்லை. மூன்றாவது ஆள் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று என்னை உற்றுப் பார்த்தார்.

“நீ சென்னையில வேலை கிடைச்ச பையன்தான? பேப்பர்ல பாத்தேனே.”

“அது இல்லன்னு ஆயிருச்சு சார்.”

“அதெப்படி, போட்டோ போட்டுருக்கானே. ரெண்டு மாசம் தொழில் கத்துக்கிட்டு ஓடிரலாம்னு வந்தியாக்கும்? போப்பா, போ.”

அட நாசமாப் போன போட்டோவே! படி இறங்கும்போது வாய்விட்டே திட்டினேன். வேலையைக் கொடுக்காமல் வேலை கிடைத்தவன் என்ற பேரை மட்டும் என் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வீட்டிலோ அப்பா பெரிய சூட்கேஸ் வாங்கி வைத்துவிட்டார். டீக்கடையில் சென்னை போய் வந்தவன் எவன் கிடைத்தாலும், “அங்க வெயில் எம்புட்டு? தண்ணி எப்படி?” என்று பிடித்துக்கொள்வார். அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் வாயெடுப்பேன். அவர் சிரித்த முகத்தைப் பார்த்ததும் ‘சூட்கேஸ் நல்லா இருக்குப்பா’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். ஆவணிக்குள் ஒரு சீனியர் கிடைத்தால் ‘சென்னை வேண்டாம், இங்கேயே பிராக்டிஸ் பண்றேன்’ என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்ளலாம். இல்லையென்றால் அந்த மனுஷன் பஸ் ஸ்டாப் பக்கம் எப்படிப் போவார்?

ஆகவே அட்மிஷன் டேபிளில் போய் உட்கார்ந்தேன். வருகிறவர்கள் கேட்டில் படத்தைப் பார்ப்பார்கள், உள்ளே வந்து என்னைப் பார்ப்பார்கள், மறுபடி படத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் மெதுவாக, யோசித்துப் பேசுகிறவன் போலப் பேசினேன். 

ஒரு நாள் ஓர் அம்மா வந்தார். பரவை மார்க்கெட்டில் காய் வியாபாரம். கூடவே பிளஸ் டூ முடித்த மகள். இரண்டு தடவை வந்து விசாரித்துவிட்டுப் போனவர்கள்தான். சார் எவ்வளவோ பேசியும் அந்த அம்மா பிடிகொடுக்கவில்லை. அன்றைக்கு நேராக என்னிடம் வந்தார்.

“தம்பி, வாசல்ல இருக்கது நீங்கதான? இங்க படிச்சா எம்பிள்ளைக்கு வேல கெடைக்குமா? ஒங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க. கழுத்துல கெடந்தத வித்துட்டு வந்துருக்கேன்.”

அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. சார் பீஸ் கவுன்டர் பக்கம் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் என் சீனியர் போச்சு, அப்பா மானம் போச்சு. தெரிந்தும் என்னால் முடியவில்லை.

“அக்கா, எனக்கு வேலை இல்ல. கம்பெனிக்காரன் வேணாம்னுட்டான். நான் சும்மாதான் உக்காந்திருக்கேன்.”

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பு.

“வெவரந்தான் தம்பி! நாங்களும் அப்படித்தான். யாவாரம் எம்புட்டு ஓடுனாலும் ஈ ஓட்டுறேன்னுதான் சொல்லுவோம். ஊரு கண்ணு பொல்லாதது. இம்புட்டுப் பெரிய படத்த நடுவாசல்ல வச்சிருக்காங்களே, அம்மாகிட்டச் சொல்லிச் சுத்திப் போட்டுக்கங்க.”

“அய்யோ இல்லக்கா, நெசமாவே...”

“அட, எங்கிட்ட என்னத்துக்கு? நான் யார்ட்டயும் சொல்லல. நாளைக்கு எம்பிள்ளைக்குக் கெடைச்சாலும் இப்படித்தான் மறைக்கச் சொல்லுவேன்.”

“அம்மா, அந்த அண்ணே நெசமாத்தான் சொல்லுறாரு” என்றது பிள்ளை.

“ஒனக்கென்னடி தெரியும், வா.”

கையைப் பிடித்து கவுன்டருக்கு இழுத்துக்கொண்டு போனார். அந்தப் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. நான் எழுந்து நின்றேன். அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. ரசீது கிழிக்கும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் சார் ஓடி வந்து என் முதுகில் தட்டினார். “என்ன மாப்ள, நான் தொண்டத்தண்ணி வத்தப் பேசியும் அசையாத அம்மா! அப்படி என்னடா சொன்ன?”

“உண்மையைச் சொன்னேன் சார்.”

“அதான் வேணும்!” என்று சிரித்தார். “நாளைக்குக் காலையில வெள்ளச் சட்டை போட்டு வா. சீனியரப் பாக்கப் போவோம்.”

போனேன். போகாமல்?