செவலைக் கிடா, நெற்றியில் வெள்ளை

போன மாதம் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் சாயல்குடி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. தொப்பியும் முதுகுப் பையுமாக நாலைந்து இளசுகள் வந்து, ஏர்வாடிக்கு எந்த பஸ் என்று கேட்டார்கள். தர்காவுக்கா என்றேன். "இல்ல சார், நடக்கப் போறோம்" என்று ஒரு பெண் கைபேசியை நீட்டினாள். ஏர்வாடியிலிருந்து வாலிநோக்கம் வரை கடலோரமாக ஒரு பச்சைக்கோடு ஓடியது. யாரோ நடந்து பார்த்து, நிழல் இல்லை என்று குறைபட்டு, மூன்று நட்சத்திரமும் போட்டிருந்தார்கள்.

அந்தக் கோட்டின் மேல் நான் பலமுறை நடந்திருக்கிறேன். அப்போது அங்கே கோடு கிடையாது, அவ்வளவுதான்.

ஒரே பஸ்ஸில்தான் ஏறினோம். இப்போது அந்த பஸ்ஸில் வாடையே இல்லை. முன்பெல்லாம் ஏறியதும் ஊதுபத்தி, கருவாட்டுக் கூடை, டீசல் மூன்றும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். நாலாவதாக இலியாசின் சட்டை. அவன் நான் வேலை பார்த்த கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேப் உதவியாளன். ஞாயிற்றுக்கிழமையும் அவன்மேல் ஆசிட் வாடை வரும். கீழக்கரைக்காரன். வீட்டில் பாதிப்பேர் வளைகுடாவில் இருந்தார்கள். அவனுக்கு மட்டும் விசா வரவில்லை.

ஞாயிறானால் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி, ஒரு ஊரில் இறங்கி, கரையோரமாகவே நடந்து, இன்னொரு ஊரில் பஸ் பிடித்துத் திரும்புவோம். அதற்கு ட்ரெக்கிங் என்று ஒரு பெயர் உண்டு என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. ஏன் நடக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "வீட்டுல இருந்தா போறவுக வாறவுக எல்லாம் விசா வந்துச்சான்னு கேக்குறாக மாப்ள. கடல் கேக்காதுல்ல" என்றான். எனக்கு அப்படி ஒரு காரணமும் இல்லை. அறையில் மின்விசிறி ஓடாது, அதனால் போனேன்.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளமும், சீமைக்கருவேலம் மண்டிய கருவக்காடும். மழைக்காலம் முடிந்ததும் நடுவில் இருக்கும் பள்ளமெல்லாம் தண்ணீர் நிற்கும். தூரத்தில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருக்கும். கிட்டப் போய்ப் பார்க்கலாம் என்று ஒருநாள் சேற்றில் இறங்கினேன். பூநாரைகள் நகர்ந்தன, நான் நகரவில்லை. என் இடது கால் செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

சேறுகூடப் பரவாயில்லை. மனிதர்கள்தான் நடக்க விட மாட்டார்கள். மீன் கூடையோடு டிவிஎஸ் ஐம்பதில் போகிறவர் நிறுத்தி, கூடைக்குப் பின்னால் கையகல இடத்தைக் காட்டி "ஏறுங்க" என்பார். உப்பு லாரி தானாக நிற்கும். "எங்கிட்டுப் போறீக?" சும்மா நடக்கிறோம் என்றால் முகம் மாறிவிடும். எங்கள் ஊர்ப் பக்கத்தில் நடப்பவனுக்குக் காரணம் வேண்டும். வேண்டுதல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பஸ்ஸை விட்டிருக்க வேண்டும்.

ஏர்வாடிக்கு மனநிலை சரியில்லாதவர்களைக் கூட்டிவந்து தங்கவைப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருமுறை ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு இலியாசிடம், "தம்பிய எதுக்கு வெயில்ல கூட்டிக்கிட்டுத் திரியிறீக, தர்காவுலயே இருக்கட்டுமே" என்றார். அவன் மறுக்கவில்லை. "சொன்னாக் கேக்க மாட்டேங்குறான் பெரியப்பா" என்றான். இருவரில் என்னை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

காரணம் இல்லாமல் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்போது இலியாஸ் கண்டுபிடித்ததுதான் ஆடு. யார் கேட்டாலும், "ஆட்டத் தேடிப் போறோம்ணே. செவலக் கிடா, நெத்தியில வெள்ளை" என்பான். மந்திரம் போட்ட மாதிரி வேலை செய்தது. யாரும் வண்டியில் ஏறச் சொல்லவில்லை. "கருவ நெத்தத் தின்னுக்கிட்டு உள்ளுக்க நிக்கும், நல்லாப் பாருங்க" என்று வழி சொன்னார்கள். சில வாரங்கள் நிம்மதியாக நடந்தோம்.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு. பாதி வழியில் ஒரு சின்ன ஊரில் நாலு பேர் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். பனைமரத்தில் ஒரு கிடா கட்டிக் கிடந்தது. செவலை. நெற்றியில் வெள்ளை.

"முந்தாநாளு பிடிச்சோம். எப்படியும் வருவீகன்னு தெரியும்" என்றார் ஒருவர்.

இலியாஸ் மென்று விழுங்கினான். "இது எங்க ஆடு இல்லண்ணே."

"மேஞ்சதுக்குக் காசு கேப்போம்னு பயப்புடுறீகளா? ஒண்ணும் வேணாம், பிடிச்சிட்டுப் போங்க."

இன்னொருவர் கிடாவின் காதைத் தூக்கிக் காட்டினார். ஓரத்தில் வெட்டி அடையாளம் வைத்திருந்தது. "சாமிக்கு நேந்துவிட்டத இப்பிடியா தொலைப்பீக?" என்று எங்களைத் திட்டிவிட்டுக் கயிற்றை என் கையில் கொடுத்தார்.

ஊரைத் தாண்டியதும், நேர்ந்துவிட்டது என்றால் என்ன என்று இலியாஸ் கேட்டான். யாரோ ஒரு காரியம் நடக்க வேண்டும் என்று சாமிக்கு இதை விட்டிருக்கிறார்கள், நடக்கும்வரை வளரும், நடந்ததும் கோயிலில் வெட்டுவார்கள் என்றேன். அவன் கிடாவைத் திரும்பிப் பார்த்தான். "அப்ப இதுக்கு விசா வராம இருக்குறதுதான் நல்லது" என்றான்.

இப்போது எங்கள் நடைக்கு நிஜமாகவே காரணம் இருந்தது. எதிரில் வந்தவர்களிடமெல்லாம், இது யாருடைய ஆடு என்று விசாரித்தோம். ஓடை கடலில் சேரும் இடத்தில் கிடா காலை ஊன்றிக்கொண்டு நகர மறுத்தது. இலியாஸ் அதைத் தோளில் போட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரைக் கடந்தான். அக்கரைக்கு வந்தபோது அவன் சட்டையில் ஆசிட் வாடை போய்விட்டிருந்தது.

கருவை விறகை மண் போட்டு மூடிக் கரிமூட்டம் போட்டுக்கொண்டிருந்தவர்தான் ஆட்டை அடையாளம் கண்டார். "பஞ்சவர்ணத்து கிடால்ல இது. மூணு நாளா அந்தப் பிள்ளை சோறு தண்ணியில்லாமத் திரியுது. மண்டபத்துலருந்து போட்டுல மீன் பிடிக்கப் போன புருசன இலங்கையில பிடிச்சு வச்சிருக்காக. அவுக வரணும்னுதான் முனியசாமிக்கு இத விட்டுச்சு. கிடா போச்சே, அவுகளும் வரமாட்டாகளேன்னு ஒரே அழுகை."

அதற்குப் பிறகு நாங்கள் கேலி பேசவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். அவர் காட்டிய ஊர் கடலைவிட்டு உள்ளே இருந்தது. போனால் வாலிநோக்கத்தில் கடைசி பஸ் போய்விடும் என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்தேதான் அந்தப் பக்கம் திரும்பினோம்.

ஊருக்கு வெளியே, கருவக்காட்டு ஓரத்தில் ஒரு பெண் "பா, பா" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். முப்பது வயது இருக்கலாம். குரல் கட்டிப் போயிருந்தது. கிடா கத்தியது. அவள் ஓடிவந்து காதைத் திருப்பி வெட்டைப் பார்த்தாள். அதன் முதுகில் பளீரென்று ஒன்று வைத்தாள். பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நாங்கள் வேறு பக்கம் பார்த்தபடி நின்றோம்.

அழுது முடித்து, முகத்தைத் துடைத்து, எங்களை நிமிர்ந்து பார்த்தாள். ஆடு தேடும் இரண்டு பேரைப் பற்றி அந்த ஊருக்கும் சேதி வந்திருக்கிறது.

"அண்ணே, உங்க கிடா கெடச்சுச்சா?"

"கெடைக்கும்மா" என்றான் இலியாஸ்.

"கண்டிப்பாக் கெடைக்கும். நானும் பாக்குறேன். என்ன அடையாளம்?"

அவன் அடையாளத்தைச் சொல்ல முடியாமல் அவள் கிடாவையே காட்டினான். இதே மாதிரி என்றான். அவள் அதையும் நம்பினாள். பக்கத்து வீட்டு மீன் வண்டியில் எங்களை ஏர்வாடிவரை அனுப்பிவைத்தாள்.

அதன் பிறகு அந்த வழியாகப் போனபோதெல்லாம் பஞ்சவர்ணம் அதைத்தான் முதலில் கேட்பாள். ஆவணியில் அவள் புருஷன் வந்துவிட்டார். முனியசாமிக்குக் கிடா வெட்டி எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். இலியாசுக்காக ஏர்வாடியிலிருந்து ஒரு பாயை வரவழைத்து ஹலாலாகக் கோழி அறுத்துத் தனியாகச் சமைத்திருந்தாள். இலையில் பரிமாறும்போதும், "உங்களது இன்னும் கெடைக்கலயேண்ணே" என்று வருத்தப்பட்டாள். இலியாஸ் தலையைக் குனிந்து சாப்பிட்டான். அந்த வருடக் கடைசியில் அவனுக்கு விசா வந்தது. எப்போதாவது போனில் பேசுவான். அங்கே நடக்க இடமில்லை, கார்தான் என்பான்.

கல்யாணத்துக்கு நேரம் இருந்தது. இளசுகளோடு நானும் ஏர்வாடியில் இறங்கினேன். அவர்கள் கைபேசியில் பச்சைக்கோட்டைப் பார்த்தபடி விறுவிறுவென்று போய்விட்டார்கள். நான் ஒரு ஆட்டோ பிடித்துப் பஞ்சவர்ணத்தின் ஊருக்குப் போனேன். கருவக்காடு இருந்த இடத்தில் இறால் பண்ணையின் கம்பிவேலி. பஞ்சவர்ணமும் புருஷனும் மகனோடு திருப்பூருக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது என்றார்கள். ஆட்டோவை அனுப்பிவிட்டு வாலிநோக்கம்வரை நடந்தேன். கல்யாணத்துக்கு உடுத்திய வெள்ளை வேட்டி, நல்ல வெயில், தனி ஆள். பைக்குகள் போயின, உப்பு லாரி போனது, ஒரு மீன் வண்டியும் போனது. யாரும் நிறுத்தவில்லை. நடப்பவர்களைப் பார்த்துப் பழகிவிட்டார்கள் போலிருக்கிறது.

ஒருவராவது எங்கிட்டுப் போறீக என்று கேட்டிருந்தால், ஆட்டைத் தேடிப் போகிறேன் என்று சொல்லியிருப்பேன். அடையாளம் இன்னும் மறக்கவில்லை.